இரவு ஷிப்ட், கலாமா

முந்நூறு டன் லாரியின் உச்சியில் யஸ்னா.
கீழே செம்புச் சுரங்கம்,
யாரோ கடித்துவிட்டுப் போன கிரகம்.

ஹெட்போன் கூடாதென்பது விதி.
ராட்சத வாளி பாறை கொட்டும் மூன்று நிமிடத்தில்
மொத்த டிரம்ஸையும்
முழங்காலில் அடித்துத் தீர்க்கிறாள்.

சாப்பாட்டு டப்பாவுக்கடியில் ஒரு நாவல்.
கடைசிப் பதினோரு பக்கம் இல்லை.
விண்கலம் திரும்பியதா, தெரியாது.
தினமும் அவளே இறக்கிப் பார்க்கிறாள்:
நேற்று உப்புப் பாலையில்,
முந்தாநாள் அவள் தெருவில்,
நாய்கள் குரைக்கக் குரைக்க.

இரண்டரை மணிக்கு வயர்லெஸ்ஸில் ஓவிதியோ:
"உன் பாட்டுக்காரனுங்க
எதுக்கு அப்படிக் கத்துறானுங்க?"

"அங்கே யாராவது இருக்கீங்களான்னு
கேக்குறாங்க. அவ்வளவுதான்."

கரகரப்பு.
ரொம்ப நேரம் வெறும் கரகரப்பு.

"நான் இருக்கேன்," என்றது இருட்டு,
"மூணாவது வளைவுல.
டயர் போச்சு."