பத்து நிமிட மங்கல்

கண் ஓர் ஓட்டைப் பாத்திரம்.
எதை ஊற்றினாலும்
இரண்டு இமைப்பில் கழுவித் தள்ளிவிடும்.
விட்டது விழியில்,
கசப்பது தொண்டையில்.

அதனால்தான் ஜெல்.
புட்டிக்குள் தண்ணீராய் ஓடி
விழியின் சூடு பட்டதும் உறைய வேண்டியது.
வெளியே சிவப்பாறு நேர்மாறு:
வினிப்பெக்கில் ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று,
ஆற்றின்மேல் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

இரண்டு மருந்து, ஒரே புட்டி.
ஒன்றுக்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டும்,
மற்றதுக்குப் புளிப்பே ஆகாது.
பதினெட்டு மாதம் சமரசம் பேசினேன்.
ஒவ்வொரு தடவையும் இரண்டும் தலையாட்டும்;
பிறகொரு காலையில் அடியில்
ஊசி ஊசியாய்ப் படிகம்.
மரிசெல் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து
"அழகா இருக்கு, கொட்டிடவா?" என்பாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
வேலை பார் என்பார்கள்.
நிஜமாகவே விட்டுப் பார்த்தவள் நான்.
மூன்றாம் தொகுதி.
விதிமீறல், பதிவேட்டில் கிடையாது.
எரியவில்லை.
மதியம்வரை உலகம் வழவழவென்றிருந்தது,
பார்க்க வேண்டிய எதுவும் தெரியவில்லை.

இருபத்தாறாம் தொகுதி நின்றது.
மனிதர்களுக்குப் போனது.

பங்கேற்பாளர் பதினான்கு.
ஆண், வயது அறுபத்தெட்டு, இரு கண்ணிலும் கிளாக்கோமா,
பார்வையின் ஓரங்கள் ஏற்கெனவே போய்விட்டன.
முன்பு நாளுக்கு ஐந்து சொட்டு, இரண்டு கன்னத்தில்.
இப்போது இரவில் ஒன்றே ஒன்று.
அழுத்தம் இருபத்தாறிலிருந்து பதினாறு.

அவருடைய குறிப்பேட்டில்,
கட்டத்துக்கு வெளியே, பென்சிலில்:
"விட்டதும் பத்து நிமிடம் எல்லாம் மங்குகிறது.
அதற்காகவே ஜன்னலருகே உட்கார்ந்துகொள்கிறேன்.
போர்டேஜ் அவென்யூ விளக்கு ஒவ்வொன்றும்
தட்டளவு விரிகிறது.
நேற்று ஒரு பனி வாரும் லாரி,
மஞ்சள் வெளிச்சம் தெருவையே நிறைத்துக்கொண்டு போனது.
எனக்குத்தான் ஓரங்களே இல்லையே,
அது ஓரம்வரை வந்தது.
இதைப் பக்கவிளைவு என்று எழுதவா?"

படிவத்தில் ஒரே இடம்தான் உண்டு.
பார்வை மங்கல். லேசானது. தானே சரியாகும்.
டிக் போட்டேன்.

இருபத்தேழாம் தொகுதியில்
மங்கலை நான்கு நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.
கூட்டத்தில் கைதட்டினார்கள், டோனட் வந்தது,
மரிசெல் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டம் வியாழக்கிழமை தொடங்குகிறது.
பதினான்குக்கும் புதுப் புட்டி போகும்.
ஆறு நிமிடம் குறையும் என்று
அவரிடம் யாராவது
முன்கூட்டியே சொல்ல வேண்டும்.