இடக்கைக்காரி

ஜெனரேட்டரின் இரைச்சல் வசனத்தைத் தின்றுவிடும் என்று
திரைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள் என்னை.
மிதிவண்டி போலத்தான் இருக்கும்,
எங்கும் போகாது.

லூ குய்ஜென் எந்திரம் பார்ப்பாள்.
கோவ் மெய் மைக் பிடித்துக் கதை சொல்வாள்.
மிதிப்பது நான்.
'மகளிர் திரைப்படக் குழு, எண் மூன்று' என்று
சாமான் மூட்டையில் சிவப்பாய் எழுதியிருக்கும்.
அதைச் சுமந்த கோவேறு கழுதை மட்டும் ஆண்.

எழுபத்து நான்கில்
ஷான்ஸியின் மஞ்சள் மண் மேடுகளில்
ஒரே படத்தை நூற்றுப் பதினேழு ஊர்களுக்குக் காட்டினோம்.
டிராக்டர் ஓட்டும் பெண்ணொருத்தியின் கதை.
தொப்பிக்குள் கூந்தலைத் திணித்துக்கொண்டு
இடது கையால் ஸ்டியரிங் திருப்புவாள்,
இடது கையால் சம்மட்டி ஓங்குவாள்,
கட்சிச் செயலாளரின் மேசையை இடது கையால் தட்டி
"நாங்கள் எதில் குறைச்சல்?" என்பாள்.
தேநீர்க் கோப்பை துள்ளும்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.
நானும் இடக்கை.
சாப்பாட்டுக் குச்சியை மாற்றிப் பிடித்ததற்கு
அம்மா போட்ட தழும்பு
கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

கால் ஓய்ந்தால்
அவள் குரல் கனத்து ஆம்பிளைக் குரலாகும்.
பயந்துபோய் அழுத்தினால்
சிறுமிபோல் கீச்சிடுவாள்.
அவள் பெண்ணாகவே பேசி முடிப்பது
என் முழங்காலில் இருந்தது.

மாதவிலக்கு நாட்களிலும் மிதித்தேன்.
இறங்கிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.
அடிவயிறு இழுக்க இழுக்க
அவள் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருவாள்.

எழுத்துகள் எனக்குக் கண்ணாடி எழுத்துகள்.
'முற்றும்' என்பதைப் புறமாகவே படிக்கப் பழகினேன்.

ஆறாவது ரீலில்தான் சம்பளச் சண்டை.
ஆணுக்குப் பத்துப் புள்ளி, பெண்ணுக்கு மட்டும் ஏன் ஏழரை
என்று கேட்டு அவள் ஜெயிப்பாள்.
ஓரூரில் கணக்கர் ஹௌ
எழுந்து நின்று கைதட்டினார்.
மூக்கைச் சிந்தினார், கண்ணைத் துடைத்தார்.
பிறகு லாந்தரைத் தூண்டிப் பேரேட்டைப் பிரித்து
கழுதைக்காரருக்குப் பத்து எழுதினார்,
எங்கள் மூவருக்கும் ஏழரை.

நாங்கள் ரேகை வைத்தோம்.
விடிந்தால் அடுத்த மேடு.

போன மாதம், தையுவானில்,
மகன் வீட்டுப் பதினான்காம் மாடியில்
பழைய படங்கள் போடும் சேனலில் வந்தாள்.
முதன்முதலாக அவளை முன்னாலிருந்து பார்த்தேன்.
வலது கை.
எல்லாமே வலது கை.
மச்சம்கூட வேறு கன்னத்தில்.
யாரோ தங்கையை அனுப்பிவைத்தது போல் இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தேன்.
அப்புறம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்.
இருட்டிய கண்ணாடியில்
என்னுடையவள் இருந்தாள்,
இடது கையால் மேசையைத் தட்டினாள்.
அவள் தோளுக்குப் பக்கத்தில்
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வந்த மருமகள் ஸுயேயான்
பையைக்கூட இறக்காமல்
நின்றபடி நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள்,
அவளும் இடது கையால்.

"வினிகர் எங்கே?" என்றான் மகன்
சோபாவிலிருந்து.

அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.