பசு ஒன்று, தெற்கு நோக்கி

உலக அமைதியைக் காக்க
ஆறு மாதத்துக்கு என்னை லெபனானுக்கு அனுப்பினார்கள்,
கூடவே ஒரு நீலத் தொப்பியும்.
தொப்பி ஒரு சைஸ் பெரிது.

ஹஸ்பையாவுக்குத் தெற்கே ஒரு குன்று, அதன்மேல் கோபுரம்.
கீழே ஆலிவ் தோப்பு.
தோப்புக்கு அப்பால்
வரைபடத்தில் மட்டும் தெரிகிற ஒரு கோடு.
அதை யார் தாண்டினாலும்
மணி பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

பத்து நாள் யாரும் தாண்டவில்லை.
பதினோராம் நாள், காலை ஏழு இருபதுக்கு
ஒருத்தி தாண்டினாள்.
செந்நிறம். கழுத்தில் மணி.
"ஆயுதம் உண்டா?" என்றது தலைமையகம்.
பைனாகுலரைத் துடைத்து, இன்னொரு முறை பார்த்து,
"கொம்பு இரண்டு, ஒன்று வளைந்தது" என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு: "தொடர்ந்து கண்காணிக்கவும்."

கண்காணித்தேன்.
பெண் பார்க்கப் போன அன்றுகூட
ஒருத்தியை இத்தனை நேரம் பார்த்ததில்லை.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது
அங்கே பழமொழி இல்லை,
தினமும் நான் எழுதிய அறிக்கை.

சொந்தக்காரர் அபூ நாயிஃப்.
வெள்ளைக் குல்லா, அதைவிட வெள்ளையாய் மீசை,
நடுவே ஒரு மூட்டை வெங்காயம் கொள்ளும்
கறுப்புக் கால்சட்டை.
அவரிடம் பேசக் கையேட்டில் அரபி படித்தேன்.
பகரா என்றால் பசு. புக்ரா என்றால் நாளை.
ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து
விடிந்ததும் கோபுரத்திலிருந்து கத்தினேன்:
"அபூ நாயிஃப்! உங்கள் நாளை
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது!"

அவர் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.
சிரிக்கிறாரா அழுகிறாரா என்று
பைனாகுலரில் பார்த்தேன்.
மீசை குலுங்கியது.
அதை மட்டும் பதிவேட்டில் ஏற்றவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குள் ரோந்து போனால்
ரொட்டிக்கடை சுஹைலா முதல் பள்ளிக்கூடத்து வாண்டுகள் வரை
ஒரே விசாரிப்பு:
"நாளை எப்படி இருக்கிறது? பால் கொடுக்கிறதா?"

அவர் வீட்டில் மாத்தே கொடுத்தார்கள்.
ஒரு கிண்ணம், ஒரே உலோகக் குழல்,
சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஏழு பேர்.
வாய் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன் நான்.
கிண்ணத்தைத் தூக்கிக் குழல் வழியே ஊற்றிப் பார்த்தேன்.
சட்டைக்குள் போனது, கொதிக்கக் கொதிக்க.
அபூ நாயிஃபின் மனைவி
எலுமிச்சைத் தோலால் குழலின் நுனியைத் துடைத்து
குழந்தைக்கு நீட்டுவதுபோல் நீட்டினாள்.
குடித்தேன். நல்ல கசப்பு.
இன்னொன்று கேட்டேன்.

பதிலுக்கு ஒருநாள் ரசம் வைத்தேன்.
புளி கிடைக்கவில்லை, மாதுளைப் பாகு ஊற்றினேன்.
ஒரு மிடறு குடித்துவிட்டு
அவர் மிக மரியாதையாகக் கேட்டார்:
"இது எந்த நோய்க்கு?"

பக்கத்து முகாமில் ஃபின்லாந்துக்காரன் யோர்மா.
தகரக் கொட்டகைக்குள் கல்லைச் சுட வைத்து
வா, வியர்க்கலாம் என்று அழைத்தான்.
நான் வேலூர்க்காரன்.
அக்னி நட்சத்திரத்தில் வானம் சும்மா தருவதை
எதற்குக் கல் சுட்டு வாங்க வேண்டும்?
இருந்தாலும் போனேன்.
பதினெட்டு நிமிஷத்தில் அவன் வெளியே ஓடினான்.
அப்போதுதான் கவனித்தேன்,
நான் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.

"சண்டை எப்படி?" என்று கேட்கிறவர்களுக்கு
மெடலைக் காட்டுகிறேன்.
ரிப்பனில் இருப்பது மாத்தே கறை,
அவர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொள்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

கடைசி நாள் லாரியில் ஏறும்போது
வயர்லெஸ்ஸில் புதிதாய் வந்தவன் குரல்,
படபடவென்று:
"பசு ஒன்று, தெற்கு நோக்கி!"

வேலியோரம் அபூ நாயிஃப்
ஆலிவ் கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்.
"நாளை போகிறது!" என்று கத்தினேன்,
இந்த முறை தெரிந்தே.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"போகட்டும்.
கறக்கிற நேரத்துக்கு வந்துவிடும்."