ஆறு கிலோ தூரம்

பீளமேட்டில் பையை நிறுத்தார்கள்.
ஆறு கிலோ எண்ணூறு.
ஏழுக்குள் இருக்குதுங்க, கையோடவே கொண்டு போலாம்
என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

உள்ளே மூன்று கோன் நூல்.
நாற்பதாம் நம்பர், பதினாலாம் பிரேமில் ஓடியது.
மிச்ச எண்ணூறு கிராமில்
பையும் ஒரு துண்டும் மாற்று ரவிக்கையும்
அம்பத்தூரிலிருந்து வந்த புகார்க் கடிதமும் அடக்கம்.

சோதனையில் காவலர் ஒரு கோனை வெளியே எடுத்து
முனையைப் பிடித்து இழுத்தார்.
வந்துகொண்டே இருந்தது.
எவ்வளவு நீளம் என்று இந்தியில் கேட்டார்.
மூன்றும் சேர்ந்தால் சென்னை வரைக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாற்பதாம் நம்பரில் கிலோவுக்கு
அறுபத்தேழு கிலோமீட்டர், கொஞ்சம் கூடவே வரும்.
ஆகாய வழியில் சென்னை நானூறு.
ஆறு கிலோ போதும்.
ரோட்டு வழி என்றால் ஐநூறு, ஏழரைக் கிலோ;
கூடுதல் காசு கட்டச் சொல்வார்கள்.

பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று
டிக்கெட்டில் இருக்கிறது.
சோமனூரிலிருந்து பீளமேடு வர ஒரு மணி ஐம்பது ஆனது.
கருமத்தம்பட்டியில் குறுக்கே நின்ற லாரியை
யாரும் டிக்கெட்டில் போடுவதில்லை.

ஒற்றைக் கதிர் இந்த நானூறை நூற்க
ராப்பகலாகப் பதினைந்து நாள்,
அறுந்துபோகாமல் இருந்தால்.

அறுந்தால் சுமித்ரா மாஜி ஒட்டுவாள்.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
இழை சேர்ந்திருக்கும், கதிர் சுற்றிக்கொண்டிருக்கும்.
ராயகடாவிலிருந்து ஒன்றரை நாள் ரயில்,
அதில் பாதி நின்றபடி.
அவள் வந்த வழியையும் நிறுத்துப் பார்த்தேன்:
இருபது கிலோவுக்கு மேல்.
வந்தபோது அவள் பையில் அவ்வளவு கனம் இல்லை.

"ஆபரேட்டர் தப்புன்னு போட்டு முடிச்சுரு கண்ணு"
என்றார் ஜி.எம். சென்னியப்பன்.
"மெசினுன்னா மொத்த லாட்டும் திரும்பி வந்துரும்.
நாலு டன்னு. எங்கெ போட்டு வெக்கறது?"
கேட்டுவிட்டு என் டிக்கெட்டை அவரே
பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.
ஜன்னல் சீட்டு.

சேலம் தாண்டியிருக்கும்.
மேகம், பெல்ட் போடுங்கள் என்றார்கள்.
ஒரு தூக்கு, ஒரு இறக்கம், அப்புறம் ஒன்றுமில்லை,
திடீரென்று இன்னொன்று.
ஒழுங்கே இல்லாத நடுக்கம்.
மனுசத் தப்பு இப்படித்தான் வரும்,
எப்போது என்று சொல்ல முடியாது.

இந்த நூலில் அப்படி இல்லை.
ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒரு மெலிவு.
மறுபடி ஒன்பது. மறுபடி.
கோன் முழுக்க, சென்னை முழுக்க,
தப்பாமல் தப்பு.
மேல் ரோலரின் ரப்பர்
ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால்
சரியாக ஒன்பது சென்டிமீட்டர்.
எங்கேயோ ஒரு நகக்கீறல் அளவுக்கு வெட்டு.
மாற்றச் சொல்லி மாசியிலேயே
சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோம் என்று
பெருமையாக அறிவித்தார்கள்.
எனக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
பீளமேட்டிலிருந்தே காலி.

பக்கத்து சீட்டுக்காரரிடம் பேனா வாங்கி
ஒன்பது செ.மீ. என்று எழுதினேன்.
அடுத்த சொல்லுக்குள்
தட்டை மடக்கச் சொல்லிவிட்டார்கள்.