வெளிச் சாப்பாடு

பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
சத்துவாச்சாரி மாடியறையில்
தாள் பறக்காமல் ஊறுகாய் பாட்டிலை மேலே வைத்து
ஆஸ்பத்திரி ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறேன்.
அன்று வந்தது எலும்பு மஜ்ஜை மாற்றம், பதினொரு பக்கம்.
ஏழாம் பக்கத்தில் ‘ஹோஸ்ட்’ என்றொரு சொல்.
ஒட்டு ஹோஸ்டை எதிர்க்கும் நோய்.
கரண்ட் போகிற நேரம்.
அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து சிஸ்டர் லின்சி கூப்பிட்டாள்:
“ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். வர்றீங்களா?”

சேத்துப்பட்டு இருதயநாதன்,
நெல் மண்டியில் மூட்டை எண்ணுகிறவர்.
என் ஹோஸ்டை அச்சுப்பிழை என்று அடித்து
மேலே நீல மையில் எழுதியிருந்தார்: ஓஸ்தி.
“ஓஸ்தியை எதிர்க்கிற நோயா?
ஞாயிறு தவறாமல் நாக்கு நீட்டி வாங்கினவன்.
எனக்கு அப்படி ஒரு நோய் வேண்டாம்.”

சொன்னேன்:
ஓஸ்தி இல்லை, இது வேற.
உங்க உடம்புதான் வீடு.
உங்க தம்பி கொடுக்கிற மஜ்ஜை, வருகிற விருந்தாளி.
சில சமயம் விருந்தாளி வீட்டாரை அடிப்பான்.

“சின்னப்பனா?” என்றார். “அடிப்பான்.
கிணத்துப் பங்கில் மூணு வருஷமாப் பேச்சில்லை.”
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வேற என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர
இரவு அகராதியில் பார்த்தால்
வேறுதானா என்று சந்தேகமாக இருந்தது.
படை ஒன்று, பலி ஒன்று, வீட்டுக்காரர் ஒருவர்.
மூன்று ஊர்க்காரர்கள் ஒரே பெயரைச் சொல்லி
ஒரே லாட்ஜில் ரூம் எடுத்ததுபோல்
அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் தங்கியிருந்தார்கள்.
நம்மிடம் பலி மட்டும்
போர்த்துகீசியக் கப்பலேறி வந்து
ஓஸ்தியாகி
கோதுமை மாவில் வட்டமாய், உப்பில்லாமல்.

பத்தொன்பதாம் நாள்
இருதயநாதனின் உள்ளங்கை சிவந்தது.
“கொஞ்சம் சண்டை நல்லது,
மிச்சம் இருக்கிற நோயையும் சேர்த்து அடிக்கும்”
என்றார் டாக்டர்.
அதையும் தமிழில் சொல்லப் போனேன்,
தோட்டப்பாளையம் லாட்ஜுக்கு.
மீன் வறுக்கும் வங்காளக் குடும்பங்களுக்கு நடுவில்
சட்டை துவைத்துக்கொண்டிருந்தான் சின்னப்பன்.
கேட்டுவிட்டு வெகுநேரம் பிழிந்தான்.
பிறகு:
“என் ரத்தம் என் பேச்சைக் கேட்காதாக்கா?”

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார்,
கையில் சின்ன வட்டச் சம்புடம்.
லின்சி மறித்தாள். திருச்சூர்க்காரி,
காலைப் பூசை பார்த்துவிட்டு டியூட்டிக்கு வந்தவள்.
ஆனாலும் சார்ட்டில் கட்டம் இருக்கிறது:
வெளிச் சாப்பாடு, ஆம் அல்லது இல்லை.
“ஃபாதர், இது வெளிச் சாப்பாடா?”

எத்தனையோ சபைகள் கூடி வாதாடிய கேள்வியை
டிக் அடிக்கக் கேட்டாள்.
ஃபாதர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான் என்பதுபோல்
சுவரைப் பார்த்தேன்.

கடைசியில் அவளே
எறும்பு தூக்குகிற அளவில் ஒரு துணுக்கை
கொதித்து ஆறிய தண்ணீர்க் கரண்டியில் வாங்கி
உள்ளே போனாள்.
வாயெல்லாம் புண். இருதயநாதன் திறந்தார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
சின்னப்பனின் தொண்டையும் ஒருமுறை
ஏறி இறங்கியது.

சார்ட்டில் அந்தக் கட்டத்தை
அவள் காலியாக விட்டிருந்தாள்.

திருத்திய பதிப்புக்கு
ஏழாம் பக்கத்தில் ‘விருந்து’ என்று எழுதிக் கொடுத்தேன்.
வந்தவரும் விருந்து, இலையில் விழுவதும் விருந்து
என்று ஓரத்தில் குறிப்பும் போட்டேன்.
குழு அதை அடித்து ‘ஏற்பவர்’ என்று மாற்றி
ஒரு பக்கத்துப் பணத்தையும் பிடித்துக்கொண்டது.
அவர்கள் சொல்வதும் சரிதான்.
நோயாளிக்குக் குழப்பம் கூடாது.

கிணறு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.
போன மாதம் சேத்துப்பட்டிலிருந்து
ஒரு மூட்டை புது நெல் வந்தது.
அனுப்பியவர் என்ற இடத்தில்
இரண்டு கையெழுத்தில் இரண்டு பெயர்.