பதிவேட்டில் ஒரு மேகம்

இந்த மலையில் பகலில் விழித்திருப்பவர்கள்
நாங்கள் மூன்று பேர்தான்.
மற்றவர்கள் விண்மீன்காரர்கள்.
விடிந்ததும் ரொட்டி தின்றுவிட்டு
கறுப்புத் திரையை இழுத்து மூடிப் படுத்துவிடுவார்கள்.
தாழ்வாரமெங்கும் அட்டை தொங்கும்:
சத்தம் போடாதீர்.
காலணியைக் கையில் பிடித்தபடி
பூனைநடை நடந்து
சூரியனின் சத்தம் கேட்கப் போகிறேன்.

சத்தம் என்பது வாய்ப்பழக்கம்.
நடுவே காற்றில்லை, எதுவும் வந்து சேராது.
அது மூச்சு விடுவதைப் பார்க்கிறோம், அவ்வளவே.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அந்தத் தழல்தோல் எங்கள் பக்கம் எழும்பித் தாழ்கிறது.
எழும்பும்போது
சிவப்புக்குள் கிடக்கும் ஒரு கருங்கோடு
மயிரிழை நீலத்தை நோக்கிச் சாயும்.
சாய்வது எனக்குத் தெரியாது.
பொட்டாசிய ஆவி நிரம்பிய
ஒரு கண்ணாடிக் குப்பிக்குத் தெரியும்.
எனக்கு எண்கள் வரும்.

வந்ததும் கழிக்க வேண்டும்.
காலையில் பூமி எங்களைச் சூரியன் பக்கம் சுழற்றிக்கொண்டு ஓடுகிறது,
நொடிக்கு நானூறு மீட்டர் வரை.
மாலையில் அதே வேகத்தில் பின்னுக்கு இழுக்கிறது.
அதைக் கழி.
ஜனவரி முதல் ஜூலை வரை
மெல்ல மெல்ல விலகிப் போகிறோமே, அதையும்.
அத்தனை பெரிய எடையை விட்டு ஏறிவர
ஒளி பட்ட பாட்டையும்.
எல்லாம் போக மிஞ்சுவது
தவழும் குழந்தையின் வேகம்.
அதுவும் ஒற்றைக் குரலல்ல,
கூட்டமாய் முனகுவது.

"என் சம்பளமும் இப்படித்தான், இதாய்ரா" என்பான் ஐராம்.
"வாடகை போக, படகுக் கடன் போக,
மிஞ்சுகிற நடுக்கம்தான் நான்."

ஆகஸ்ட் பதினான்கு.
ஐராம் சான்டா குரூஸுக்கு இறங்கிப் போனான்.
நீதிமன்றம்.
மகள் யாரிடம் இருப்பாள் என்று அன்று கேட்டார்கள்.
நான் முறைக்கு வந்தபோது பிற்பகல்.
குவிமாடம் பூட்டிக் கிடந்தது.
பதிவேட்டில் மூன்று மணி நாற்பது நிமிடம் வெற்று வரி.
பேனாவை எடுத்து எழுதினேன்:
மேகம்.
எங்கள் மேகங்களெல்லாம்
இரண்டாயிரம் அடிக்குக் கீழே
தீவைச் சுற்றிப் பாலாய்ப் பரந்து கிடந்தன.
ஒன்றுக்கும் விஷயம் தெரியாது.

பார்க்காத நேரத்தை நிறமாலை மறைக்காது.
இடையில் ஓட்டை விழுந்தால்
உண்மையான ஒவ்வொரு குரலின் அருகிலும்
பொய்க்குரல்கள் முளைக்கும்,
கேட்டவரை ஏமாற்றும் அளவுக்கு அதே சாயலில்.
இரவு இதைத் தினமும் செய்கிறது.
அதற்காகத்தான் சிலேயில் ஒருத்தர்,
ஆஸ்திரேலியாவில் ஒருத்தர்,
நாங்கள் உறங்கும்போது கண் மாற்றிக்கொள்ள.
சூரியன் அன்றும் நிற்காமல்தான் மூச்சு விட்டது.
விக்கியது நாங்கள்.

நவம்பரில் கிரனாடாவிலிருந்து ரெமேதியோஸ் அழைத்தாள்.
"பக்கத்து வானிலை நிலையத்துக் கணக்கில்
அன்று வானம் துடைத்த கண்ணாடி என்றிருக்கிறதே?"
"உயரத்து மேகம். மெல்லியது" என்றேன்.
மறுமுனையில் விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டியது.
"சரி" என்றாள்.
"காரணம் எதுவானாலும் ஓட்டை அதே அளவுதான்."
அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.
தெரியாமலும் இருக்கலாம்.
கழிக்க என்னிடம் வழியில்லை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்று தீர்ப்பானது.
அதில் ஒன்றில் குழந்தையை மேலே அழைத்து வந்தான்.
யுர்ஸானா, ஏழு வயது,
கையில் பாதி கடித்த வாழைப்பழம்.
"இப்போது அது பாடுகிறதா?"
திரையில் ஏறும் கோட்டைக் காட்டினேன்.
கோட்டோடு சேர்ந்து மூச்சை இழுக்கப் பார்த்தாள்.
கன்னம் உப்பியது, முகம் சிவந்தது,
கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது.
பிய்த்துக்கொண்டு வந்த சிரிப்பில்
வாழைப்பழம் தரையில் விழுந்தது.

எங்கேயோ ஒரு விண்மீன்காரரின் ஜன்னல்
படாரென்று சாத்திக்கொண்டது.