ஒற்றை மீட்டர்

வீட்டில் ஒரு பைப்பும் திறந்தில்லை.
குசினி, குளியலறை, கக்கூஸ் தொட்டி,
எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு
ராத்திரி ஒரு மணிக்கு ஒழுங்கையில் நின்று
போன் வெளிச்சத்தை மீட்டருக்குக் காட்டினேன்.
சின்னச் சிவப்பு நட்சத்திரம்
அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
ராத்தா வீட்டிலும் எல்லாரும் உறக்கம்.
அப்ப குடிப்பது யார்?

முன்வளவில் ராத்தாவுக்குக் கட்டி
எட்டு வருசம் கழித்துப் பின்வளவில் எனக்குக் கட்டினார் வாப்பா.
புது மீட்டருக்குக் காசு பத்தவில்லை.
அவட லைனில் ஒரு டீ வெட்டி
அரை இஞ்சிப் பைப்பை என் பக்கம் இழுத்துவிட்டு
"பாதிபாதி போடுங்க புள்ள" என்றார்.

போன நோன்புக்கு வந்த பில் ஆறாயிரத்துச் சொச்சம்.
"ஒன்ட புள்ளைகள் குளிக்கிற குளிப்பு" என்றா.
"உங்கட வாசிங் மெசின்" என்றேன்.
மறுகா பதினொரு மாசம் ஸலாமும் இல்லை.
பாதிக் காசை றுஸ்னியின் கையில் கொடுத்தனுப்புவேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்குறாவாம்.

விடிந்ததும் சுவரோரம் நடந்தேன்.
மருதமுனை மணலில் கசிவு மேலே வந்து முறையிடாது,
கீழே போய்விடும்.
தேசி மரத்தடியில் மட்டும் செருப்புப் புதைந்தது.
நாலு வருசம் பிஞ்சு பிடிக்காமல் நின்ற மரம்
இந்த வருசம் கொப்பு முறியக் காய்த்தது.
என் சாணி உரம் என்று நான் நினைத்திருந்தேன்.
தான் ஊற்றிய ஓதிய தண்ணி என்று
அவ சொல்லித் திரிந்தாவாம்.

பைப் பாஸ் ஹமீஸ்தீன்
மூன்று நாளும் "இந்தா வாறன்" என்றார்.
நாலாம் நாள் நானே கல்முனைக்கு பஸ் ஏறினேன்.
டீ ஒன்று, சொக்கட் ரெண்டு,
பைப் துண்டு ஒரு முழம், கம் சின்ன டின், வாள் அலகு.
"வூட்ட ஆம்புள இல்லையா?" என்றான் கடைப் பையன்.
"கட்டாரில இரிக்காரு. நீ சொக்கட்டக் குடு."

பைப் வளைந்து கொடுக்கவேண்டும்;
அதற்கு நீளமாகத் தோண்டவேண்டும்.
தோண்டினேன்.
டீயின் கழுத்தில் மயிரளவு வெடிப்பு.
விரல் வைத்தால் ஊசி குத்துவதுபோல் தண்ணி.
இதுக்கா?

வால்வு ராத்தாவின் கேட்டுக்குள்.
பூட்டினால் அவட வீட்டுக்கும் நின்றுபோகும்.
சொல்லாமல் பூட்டலாமா என்று
ஒரு நிமிசம் நின்றேன். நின்றது உண்மை.
பிறகு ஸ்பெனரால் கேட்டைத் தட்டினேன்.

வந்தா. கை முழுக்க இடியப்ப மா.
"தண்ணிய நிப்பாட்டணும்,"
என்று வால்வைப் பார்த்துச் சொன்னேன்.
பேசாமல் உள்ளே போனா.
வாளி நிறையும் சத்தம்.
ஒன்று. ரெண்டு. மூன்று.

கடல் காத்துத் தின்ற வால்வு, அசையவில்லை.
பின்னாலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல் நீண்டது.
"வலத்தால கிறுக்கு. ஒடச்சிப் போடாத."
சின்னச் சக்கரம் அது,
நாலு கைக்கு இடம் காணாது.
அவட மா என் கையிலும் ஒட்டியது.

வெட்டினேன். பழைய சேலைத் துண்டால் ஈரம் துடைத்தேன்.
கம் பூசி அழுத்திப் பிடித்தேன்.
முப்பது செக்கன் அசைக்கக்கூடாதென்று டின்னில் இருந்தது.
எனக்குத் தெரிந்த கணக்கு
முப்பத்து மூன்று ஸுப்ஹானல்லாஹ்.
இருபதில் பிழைத்து
முதலிலிருந்து தொடங்கினேன்.

அஸருக்கு வுழூச் செய்யத் தண்ணி இல்லையே என்று வந்தால்
மூன்றாவது வாளி என் படியில்,
தட்டத்தால் மூடியபடி.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னே திறந்தோம்.
ரெண்டு வீட்டுப் பைப்பும் இருமின.
மண்ணிறம், மறுகா பால் நிறம், மறுகா தண்ணி.
சொக்கட்டின் ஓரம் ஒரு துளி வியர்த்தது.
துடைத்தேன்.
பிறகு வியர்க்கவில்லை,
அல்லது இருட்டிவிட்டதால் தெரியவில்லை.
குழியை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறேன்.

பில்லைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.
தேசிக்காயைப் பற்றியும்.

ராத்திரி திரும்ப மீட்டரிடம் போனேன்.
நட்சத்திரம் நின்றிருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மெல்லச் சுற்றத் தொடங்கியது.
நெஞ்சு திக்கென்றது.
நிமிர்ந்தால், அவட குசினி ஜன்னலில் லைட்.

சட்டி கழுவுறா.